ஏலத்தொகையும் நம் அறச்சீற்றமும்

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாதாந்திர இலக்கியக் கூட்டம் முடிந்து வழக்கம்போல் தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தோம். பேசியிருக்க வேண்டியது அன்று வாசிக்கப்பட்ட சிறுகதையைப் பற்றி. பேசியதோ ஜெத்தாவில் அப்போது நடந்துகொண்டிருந்த ஐபிஎல் ஏலத்தைப் பற்றி. ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்துவிட்டது என்ற செய்தி யாருடைய கைபேசியிலோ வந்து விழுந்தது. அதன்பின் அரை மணி நேரம் எங்களில் ஒருவர்கூடச் சிறுகதையின் பக்கம் திரும்பவில்லை.

பதினான்கு ஆட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 2 கோடி என்று ஒரு நண்பர் கணக்குப் போட்டார். ஒரு செவிலி எத்தனை பிறவி எடுத்தால் இந்தத் தொகையைச் சம்பாதிப்பார் என்று இன்னொருவர் கேட்டார். மட்டையைச் சுழற்றுகிறவனுக்கு இவ்வளவு, மண்ணை உழுகிறவனுக்கு என்ன என்று மூன்றாமவர் பொங்கினார். சமூகமே பேராசையில் அழுகிவிட்டது என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்பு எழுதினோம். அப்போது கணக்கு எழுதும் தொழிலில் இருக்கும் எங்கள் நண்பர், அதுவரை வாய் திறக்காதவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வாங்குகிறவன் கணக்கை இவ்வளவு நேரம் போட்டீர்களே, கொடுக்கிறவன் எவ்வளவு வைத்துக்கொண்டு இதைக் கொடுக்கிறான் என்று யாருக்காவது தெரியுமா?”

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததைவிடக் கூச்சம் தந்தது, அதுவரை அப்படி ஒரு கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான். அந்தக் கூச்சத்திலிருந்து எழுதப்படுகிறது இக்கட்டுரை.

*

முதலில் அந்த 27 கோடியையே எடுத்துக்கொள்வோம். பந்த் அதைக் கேட்கவில்லை. அந்த ஏலத்தில் ஒரு வீரர் தன் அடிப்படை விலையாகக் குறிப்பிடக்கூடிய உச்சத்தொகை 2 கோடி. அவர் குறிப்பிட்டிருந்தது அதைத்தான். மீதி 25 கோடியை ஏற்றியவர்கள் மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்த உரிமையாளர்களும் அவர்களுடைய ஆலோசகர்களும். எந்த ஊர் அணிக்கு ஆடுவது என்று சொல்லும் உரிமையும் ஏலத்துக்குப் பெயர் கொடுத்த வீரருக்குக் கிடையாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். விலை ஏறியது பேராசையால் என்றால் அந்தப் பேராசை யாருடையது என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்த செய்தி இதைவிட முக்கியமானது. அந்த ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் வீரர்களுக்காகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 120 கோடி. அதற்குள் குறைந்தது 18 பேரை, அதிகபட்சம் 25 பேரை எடுக்க வேண்டும். ஒருவருக்கு 27 கோடி போனால் மற்ற எல்லோருக்குமாக மிஞ்சுவது 93 கோடி. அதாவது, வீரர்களுக்குப் போகக்கூடிய மொத்தத் தொகையின் வரம்பு ஏலச் சுத்தியல் விழுவதற்கு முன்பே வாரியத்தால் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பந்துக்குக் கூடுதலாகப் போன ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு வீரருக்குப் போகாத ரூபாய். அது செவிலியின் கையிலிருந்தும் வரவில்லை, உழவரின் கையிலிருந்தும் வரவில்லை. உரிமையாளரின் பையிலிருந்துகூடக் கூடுதலாக வரவில்லை. பந்த் 5 கோடிக்குப் போயிருந்தாலும் வீரர்களுக்கான வரம்பு அதே 120 கோடிதான்.

இனி மறுபக்கம். 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு 2022 ஜூன் மாதம் விற்கப்பட்டது. சராசரியாக ஆண்டுக்கு 9,678 கோடி. பத்து அணிகளுக்கும், ஏலத்தொகை, ஆட்ட ஊதியம், செயல்திறன் ஊதியம் அனைத்தையும் சேர்த்து 2025-இல் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு அணிக்கு 146 கோடி. ஆக மொத்தம் 1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயை மட்டும் வைத்துப் பார்த்தாலே வீரர்களின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. தலைப்பு விளம்பரதாரர் தருவது, நுழைவுச்சீட்டு விற்பனை, சட்டைகளின் முன்னும் பின்னும் தோளிலும் ஒட்டப்படும் விளம்பரங்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் இந்த விழுக்காடு இன்னும் இறங்கும்.

அமெரிக்காவின் கூடைப்பந்து, கால்பந்துத் தொழில்முறை அணிகளில் வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்குப் போகிறது. அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கூட்டுப் பேரம் இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது. இங்கே எதுவும் இல்லை. 2019-இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்காகப் பேரம் பேசும் அமைப்பு அன்று. வாரியத்தின் அனுமதியின்றி வெளிநாட்டுப் போட்டித்தொடர் எதிலும் இந்திய வீரர் ஆட இயலாது. இந்நிலையில், தான் ஈட்டித்தரும் நூறு ரூபாயில் பதினைந்து ரூபாய் பெறுகிறவனைப் பேராசைக்காரன் என்கிறோம். மீதி எண்பத்தைந்து ரூபாய்க்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை.

சொல் இல்லை என்பதும் சரியல்ல; இருக்கிறது. அதற்கு ‘மதிப்பீடு’ என்று பெயர். 2008 ஜனவரியில் எட்டு அணிகளும் சேர்ந்து 72 கோடியே 36 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டன. 2021 அக்டோபரில் லக்னோ அணி ஒன்று மட்டும் 7,090 கோடி ரூபாய்க்குப் போனது. அன்றைய மாற்று விகிதத்தில் 90 கோடி டாலருக்கும் மேல். பதின்மூன்று ஆண்டுகளில் எட்டு அணிகளின் மொத்த விலையை ஒரே ஓர் அணி தாண்டிவிட்டது. அப்படியானால் 2008-இல் வாங்கியவர்களின் சொத்து எவ்வளவு பெருகியிருக்கும்? அன்றைய செய்தித்தாள்களில் இது வணிகப் பக்கத்தில் ‘வளர்ச்சி’ என்ற தலைப்பின்கீழ் வந்தது. தேநீர்க் கடை வாசலில் அன்று நாங்கள் கொந்தளித்ததாக நினைவில்லை. அதே வளர்ச்சியில் ஒரு கீற்று வீரரின் கைக்கு வரும்போது மட்டும் அது பேராசையாகி, சமூகச் சீரழிவாகி, தலையங்கமாகிவிடுகிறது.

2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா அணி 25.20 கோடிக்கு எடுத்தது. அவர் பெறுவது 18 கோடி. மிச்சம் வாரியத்தின் வீரர் நல நிதிக்குப் போகும். சிறிய ஏலங்களில் வெளிநாட்டு வீரர்களுக்கு இப்படி ஓர் உச்சவரம்பை வாரியம் விதித்திருக்கிறது. பெரிய ஏலத்தைத் தவிர்த்துவிட்டுச் சிறிய ஏலத்தில் வந்து விலையை ஏற்றிக்கொள்கிறார்கள் என்ற உரிமையாளர்களின் புகாரே இந்த விதிக்குக் காரணம். சந்தையின் போக்கில் விலை ஏறுவது உரிமையாளருக்குச் சாதகமாக இருக்கும்வரை அது சந்தை. வீரருக்குச் சாதகமாகும்போது அது ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய முறைகேடு.

*

நம் சீற்றம் யார்மீது பாய்கிறது, யாரைச் சுற்றி ஒதுங்கிப் போகிறது என்பதற்கு 2014-ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவ்வாண்டு பிப்ரவரியில் யுவராஜ் சிங்கை பெங்களூரு அணி 14 கோடிக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த தொகை அது. 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அடுத்த ஆண்டே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். அவரை எடுத்த அணியின் உரிமையாளர் விஜய் மல்லையா. அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியிருந்தது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. ஏலத்துக்குப் பிறகு அந்த ஊழியர்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள், எங்கள் நிலுவையைத் தரும்வரை அந்த அணிக்கு ஆடாதீர்கள் என்று. மடல் எழுதப்பட்டது யுவராஜுக்கு.

ஊழியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. முதலாளியின் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த முகவரியைப் பாருங்கள். ஒரு முதலாளி கொடுக்காத கூலிக்கு, அதே முதலாளியிடம் கூலி வாங்கும் இன்னொருவரின் மனசாட்சியைத்தான் தட்ட வேண்டியிருந்தது. ஏனென்றால் யுவராஜின் 14 கோடியை நாடே அறிந்திருந்தது. நிலுவைத் தொகையைப் பேசுவதற்கோ ஆள் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 6 அன்று, டாக்காவில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். யுவராஜ் 21 பந்துகளில் 11 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா தோற்றது. அன்றிரவு சண்டிகரில் அவருடைய வீட்டின்மீது கற்கள் வீசப்பட்டன. கோடி கோடியாக வாங்குகிறவன் அடிக்க வேண்டாமா என்பது அன்று எங்கும் கேட்ட வசனம். எங்கள் வீடுகளிலும் கேட்டது. அதே நாளில் மல்லையா மாநிலங்களவையின் உறுப்பினர். அவருடைய விருந்துகளும் நாட்காட்டிகளும் செய்தித்தாள்களின் வண்ணப் பக்கங்களை நிறைத்த காலம் அப்போதும் முற்றாக முடிந்துவிடவில்லை.

மல்லையா மீது நாடு பின்னர் கோபப்படவில்லையா என்று கேட்கலாம். பட்டது. 2016 மார்ச்சில் அவர் நாட்டைவிட்டுப் போன பிறகு, 9,000 கோடிக்கு மேல் நிலுவை என்று வங்கிகள் நீதிமன்றம் சென்ற பிறகு பட்டது. அப்போதும் அந்தக் கோபம் ‘ஓடிவிட்டான்’ என்பதற்காகத்தான். ஓடாமல் இங்கேயே விருந்து நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவருடைய ஆடம்பரத்தை நாம் பேராசை என்று அழைக்கவில்லை. ‘வாழத் தெரிந்தவர்’ என்றோம். சட்டத்தை மீறிய பிறகே முதலாளி குற்றவாளி ஆகிறார். விளையாட்டு வீரரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கணமே குற்றவாளி.

*

ஏன் இப்படி? எங்களுக்குத் தோன்றிய மூன்று காரணங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது எளியது. வீரரின் ஊதியம் கண்ணுக்குத் தெரிகிறது. அதை ஒரு நிகழ்ச்சியாக்கி, சுத்தியல் தட்டி, நேரலையில் காட்டுகிறார்கள். லாபத்தை யாரும் நேரலையில் காட்டுவதில்லை. அது ஆண்டறிக்கையில் எங்கோ ஓர் அட்டவணையில் உறங்குகிறது. 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 30 விழுக்காட்டிலிருந்து 22-ஆகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அந்தத் தொகையில் எத்தனை செவிலியர், எத்தனை ஆசிரியர் என்று எங்களில் எவரும் தேநீர்க் கடையில் கணக்குப் போடவில்லை. 27 கோடியைக் கற்பனை செய்ய முடிகிறது, 1.45 லட்சம் கோடியைக் கற்பனை செய்ய முடிவதில்லை. கற்பனைக்கு எட்டாத தொகையின்மீது கோபம் வருவதில்லை.

இரண்டாவது, விளையாட்டை நாம் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. ‘விளையாடுவதற்கா இவ்வளவு?’ என்ற கேள்வியிலேயே தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பார்ப்பவனுக்கு அது பொழுதுபோக்கு என்பதால் செய்பவனுக்கும் பொழுதுபோக்கே என்று எண்ணிக்கொள்கிறோம். பத்து வயதில் தொடங்கி, படிப்பையும் பிற வழிகளையும் அடைத்துவிட்டு, முப்பத்தைந்துக்குள் முடிந்துவிடும் ஓர் உழைப்பு. முழங்காலோ முதுகோ ஒரு நாள் இடம்கொடுக்க மறுத்தால் அத்துடன் சரி. ஆயிரத்தில் ஒருவர்தான் தொலைக்காட்சியில் தெரிகிறார் என்பதை அறிந்தும், தெரிகிற ஒருவரின் தொகையை வைத்தே தொழில் முழுவதையும் அளக்கிறோம்.

மூன்றாவதைச் சொல்ல எங்களுக்கே தயக்கமாக இருக்கிறது. பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே நம் கோபம் வருகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஐஐடி வளாகங்களில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கோடி ரூபாய் ஆண்டு ஊதியத்தில் இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவருக்கு வேலை என்ற செய்தி முதல் பக்கத்தில் வருகிறது, புகைப்படத்துடன். அதைப் படித்துவிட்டு யாரும் செவிலியின் ஊதியத்தை நினைவுகூர்வதில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியை வெட்டிக் கொடுக்கிறோம். தேர்வெழுதிப் பெற்ற கோடி தகுதி. பந்தெறிந்து பெற்ற கோடி அதிர்ஷ்டம்.

2017 பிப்ரவரியில் நடந்த ஏலத்தை எண்ணிப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன், அடிப்படை விலை 10 லட்சத்திலிருந்து ஏறி 3 கோடிக்குப் பஞ்சாப் அணிக்குப் போனார். தந்தை கூலித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். அதே நாளில், ஹைதராபாத் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகனான முகமது சிராஜ் 2.6 கோடிக்குப் போனார். ஒரு தலைமுறைக்குள் கூலி வீட்டிலிருந்து கோடிக்கு ஒருவர் வர நம் நாட்டில் எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன? நடராஜன் பின்னர் தன் ஊரிலேயே மைதானம் ஒன்றை அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. அதனால்தான் அவருடைய ஊதியம் நியாயம் என்று நாங்கள் வாதிடவில்லை. தானம் செய்தால்தான் கூலி செல்லும் என்ற நிபந்தனையை வேறு யாருக்கும் நாம் விதிப்பதில்லை.

இது கிரிக்கெட்டோடு பிறந்த குணமும் அன்று. 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. வறுமையில் வளர்ந்து, சிறுமியாக ரயிலில் பாடிய கொடுமுடிப் பெண். தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் அந்தப் படத்தைப் பற்றி எழுதும் எவரும் அந்த ஒரு லட்சத்தைக் குறிப்பிடாமல் எழுதுவதில்லை. தயாரிப்பாளர் எவ்வளவு முதல் போட்டார், எவ்வளவு எடுத்தார் என்று எழுதியவரை நாங்கள் கண்டதில்லை. வாசகர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தயாரிப்பாளரின் பெயர் தெரியும்?

*

பிற நாடுகளிலும் கதை வேறல்ல. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை கால்பந்து வீரரின் வார ஊதியத்துக்கு உச்சவரம்பு 20 பவுண்டு. மைதானங்களில் பல்லாயிரவர் சீட்டு வாங்கி நின்று பார்த்த ஆட்டத்துக்கு அதுதான் கூலி. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பிறகே அந்த வரம்பு நீங்கியது. உடனடியாக ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கிடைத்தது. ஒரே இரவில் ஒருவருடைய திறமை ஐந்து மடங்காகிவிடாது. அதுவரை அவருடைய உழைப்பில் எவ்வளவு பங்கு வேறு பைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதைத்தான் அந்தத் தொகை காட்டியது.

அமெரிக்க பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட் இன்னும் பெரிய விலை கொடுத்தவர். 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி, பன்னிரண்டு பருவங்கள் தனக்காக ஆடிய அவரை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றியது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணியின் உடைமையே என்பது அக்கால விதி. வாங்கவும் விற்கவுமான சரக்கு நானல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு ஃப்ளட் வழக்குத் தொடர்ந்தார். அப்போது அவருடைய ஆண்டு ஊதியம் 90,000 டாலர். இவ்வளவு வாங்குகிறவருக்கு என்ன குறை என்றுதான் அவரிடமும் கேட்டார்கள். எவ்வளவு வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்பதே கறுப்பினத்தவரான அவருடைய பதிலின் சாரம். 1972-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்திருந்தது. 1975 டிசம்பரில் வேறு இரு வீரர்களின் வழக்கில் நடுவர் ஒருவர் அந்த விதியைத் தகர்த்தபோது பயன் பெற்றவர்கள் மற்றவர்கள்.

இங்கேயும் ஓர் அனுபவம் உண்டு. 1983-இல் உலகக் கோப்பையை வென்று வந்த அணிக்குப் பரிசளிக்க வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் ஒரு கச்சேரி நடத்தித் திரட்டிக் கொடுத்த நிதியிலிருந்து வீரர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் வழங்கப்பட்டது. அதை இன்றும் நெகிழ்ந்து சொல்கிறோம். கொடையாக வரும்போது நெகிழ்கிறோம். உரிமையாக வரும்போது எரிகிறோம்.

*

எதிர்வாதங்களில் நியாயமானவை உண்டு. அவற்றைத் தாண்டிப் போக எங்களுக்கு விருப்பமில்லை.

எந்த மனிதருடைய உழைப்பும் ஆண்டுக்கு 27 கோடி பெறாது என்று ஒருவர் சொன்னால் நாங்கள் மறுக்க மாட்டோம். நேர்மையான சமூகம் ஒன்றில் அப்படியொரு தொகை யாருக்கும் போகாது என்பதே எங்கள் எண்ணமும். ஆனால் அந்த அளவுகோலை எடுத்தவர் அதை எல்லோர்மீதும் வைக்க வேண்டும். வீரரின் தொகையை மட்டும் குறைத்தால் அது செவிலிக்குப் போகாது, உரிமையாளருக்குப் போகும். செவிலிக்குக் கிடைக்க வேண்டுமானால் அது வரி வழியாக, அரசு மருத்துவமனைகளின் நிரந்தரப் பணியிடங்கள் வழியாக, தனியார் மருத்துவமனைகளுக்கான ஊதியச் சட்டங்கள் வழியாகத்தான் கிடைக்கும். அந்தப் போராட்டங்கள் நடக்கும்போது அங்கே நம் தலை தென்படுவதில்லை. செவிலியின் நினைவு நமக்கு ஏலத்தன்று மட்டுமே வருகிறது.

வரி என்றதும் இன்னொன்று. வீரர் தன் ஊதியத்தில், மேல்வரியும் சேர்த்து, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருமான வரியாகக் கட்டுகிறார். அவரை ஏலம் விடும் வாரியமோ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஒரு சங்கம். ஐபிஎல் நடத்துவதால் அதன் அறநோக்குத் தகுதியும் வரிவிலக்கும் பறிபோகாது என்று மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2021 நவம்பரில் கூறியது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் வாரியம் அறநிலையம், வீரர் பேராசைக்காரர் என்ற இந்தப் பங்கீட்டைக் கண்டு நமக்குச் சிறு உறுத்தலாவது வர வேண்டாமா?

கோபப்படுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 2020-இல் பெருந்தொற்றின் நடுவே ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்து முடிந்தது. ஆனால் 1934-35-இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை முதல் முறையாக நின்றுபோனது. அந்த ஆட்ட ஊதியத்தையே நம்பி வாழும் நூற்றுக்கணக்கான வீரர்களுக்குப் பாதி இழப்பீடு என்ற அறிவிப்பு 2021 செப்டம்பரில்தான் வந்தது. 2022 அக்டோபரில் ஆண், பெண் வீரர்களின் ஆட்ட ஊதியம் சமமாக்கப்பட்டது என்று கொண்டாடினோம். அந்தப் பருவத்தின் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சநிலைக்கு 7 கோடி, பெண்களின் உச்சநிலைக்கு 50 லட்சம். இவற்றின்மீது எங்களில் எவருக்கும் அன்று தூக்கம் கெடவில்லை.

வீரர்கள்மீதே பாய வேண்டிய கோபமும் உண்டு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு அவர்கள் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச்சட்டம் கொண்டுவரும்வரை அது நிற்கவில்லை. இணையச் சூதில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களைத் தமிழ்நாடு நிறையவே பார்த்தது. தம் உழைப்புக்குக் கூலி வாங்குவது வேறு. பிறருடைய அழிவுக்கு விளம்பரம் செய்து வாங்குவது வேறு. முதலாவதைத் திட்டித் தீர்த்துவிட்டு இரண்டாவதை மாலை முழுதும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

இறுதியாக எங்களைப் பற்றி. இதைச் சொல்லாமல் மேலே எழுதியவற்றை அச்சேற்றினால் அது பாசாங்காகிவிடும்.

சில காலம் முன்பு ஒரு கூட்டத்துக்கு மூத்த எழுத்தாளர் ஒருவரை அழைத்தோம். பயணச் செலவுடன் உரைக்கென்று ஒரு சிறு தொகையும் அவர் கேட்டார். கொடுத்தோம். ஆனால் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு எங்களுக்குள் ஒரு வாரம் அதே பேச்சு. ‘இவருமா காசு கேட்கிறார்?’ என்று கேட்டவர்கள் நாங்கள்தான். அதே கூட்டத்துக்கு மண்டபத்தின் உரிமையாளர் அதைப் போலப் பல மடங்கு வாடகை வாங்கினார். அச்சகம் அழைப்பிதழுக்கு வாங்கியது. ஒலிபெருக்கிக்காரர் முன்பணம் கேட்டார். அவர்கள் எவரையும் நாங்கள் பேராசைக்காரர் என்று சொல்லவில்லை. அது தொழில் என்றோம். யாருடைய சொல்லைக் கேட்க அத்தனை பேரும் கூடினோமோ, அவர் ஒருவருடைய கூலி மட்டும் எங்கள் அறவுணர்வைப் புண்படுத்தியது. பத்துப் பிரதிகளைக் கையில் கொடுத்து எழுத்தாளரை அனுப்பிவைக்கும் ஒரு சூழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். பந்தின் 27 கோடிமீது எங்களுக்கு வந்த கோபமும் அந்த மூத்த எழுத்தாளர்மீது வந்த கோபமும் ஒரே இடத்தில் ஊறியவை. தொகைகளுக்கிடையே மலையளவு வேறுபாடு. மனநிலையில் வேறுபாடே இல்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். இனி நடக்கும் எங்கள் கூட்டங்களில் உரையாற்றுபவருக்கான தொகையை மண்டப வாடகைக்கு முன்பே ஒதுக்கிவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த ஏலமும் வரும், சுத்தியல் விழும், ஏதோ ஒரு தொகை நம் கைபேசியில் வந்து நிற்கும். கோபப்படலாம், தவறில்லை. அதற்குமுன் எங்கள் கணக்கர் நண்பர் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: கொடுத்தது போக மீதி எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது?